தெருப்பூனைக்கு முதலில் ஓர் அறை போதும்

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகின்றன. மாற்று வீடு, இடைக்கால வாடகை, புதிய வீட்டின் சாவி என்று வீட்டுக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் கட்டுநரோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. அந்த வீட்டுப் பரணில் குட்டி போட்டு, புழக்கடையில் எலி பிடித்து, ஓட்டின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த பூனைகளைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. இடிக்கும் இயந்திரம் வந்து நின்ற அன்றுதான் பக்கத்து வீட்டில் யாருக்காவது அவற்றின் நினைவு வருகிறது. நாமாவது ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது.

அந்த நல்ல எண்ணம் பெரும்பாலும் ஒரு வாரத்தைத் தாண்டுவதில்லை. சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடிக்கிறார்கள். கூடத்தில் கொண்டுவந்து அவிழ்த்துவிடுகிறார்கள். பூனை ஜன்னல் திரையில் ஏறுகிறது, பூஜை அலமாரிமேல் தாவுகிறது, கடைசியில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் புகுந்துகொள்கிறது. பிள்ளைகள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். யாரோ கையை நீட்டிக் கீறல் வாங்கிக்கொள்கிறார். இரவெல்லாம் கத்தல், காலையில் சோபாவில் சிறுநீர் நாற்றம். 'இது வீட்டுக்குச் சரிப்பட்டு வராது' என்ற தீர்ப்போடு பூனை அதே சாக்கில் மீன் மார்க்கெட் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது.

அந்தத் தீர்ப்பு தவறானது. ஓர் உயிர் தன் வாழ்நாளிலேயே மிகவும் பயந்திருந்த சில நாட்களை வைத்து அதன் குணத்தை முடிவுசெய்துவிடுகிறோம். வெளியில் வளர்ந்த பூனையை வீட்டுக்குள் பழக்க முடியும். அதற்கு இரண்டு விஷயங்களில் நாம் தெளிவாக இருக்க வேண்டும்: எந்தப் பூனையை உள்ளே கொண்டுவருவது, கொண்டுவந்த பிறகு எவ்வளவு மெதுவாக நடந்துகொள்வது.

தெருவில் திரியும் பூனைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. வீட்டில் செல்லமாக வளர்ந்து, குடும்பம் ஊர் மாறியபோது கைவிடப்பட்டவை உண்டு. மீன் கடை, டீக்கடை, மெஸ் என்று ஓரிடத்தை ஒட்டி வாழ்ந்து, சோறு வைப்பவர் முகத்தை மட்டும் அறிந்தவை உண்டு. தெருவிலேயே பிறந்து, மனிதக் கை படாமலேயே வளர்ந்தவையும் உண்டு. பிடிபட்ட நேரத்தில் மூன்றும் ஒன்றுபோலவே சீறும். பயந்துபோன வீட்டுப் பூனையும் மனிதரையே அறியாத பூனையைப் போல மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். எது எந்த வகை என்பது சில நாட்கள் அமைதியாக விட்டுவைத்த பிறகே தெரியவரும்.

இந்த வேறுபாடு குட்டிப் பருவத்திலேயே விழுந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் 1980-களில் பூனைக்குட்டிகளை வைத்துத் தொடர்ச்சியாக ஆய்வு செய்தார். பிறந்த 2-வது வாரம் முதல் 7-வது வாரம் வரையிலான காலத்தில் மனிதர்கள் தூக்கிக் கொஞ்சிய குட்டிகளே வளர்ந்த பிறகு மனிதரிடம் எளிதாக நெருங்கின. தினமும் 40 நிமிடம் கையாளப்பட்ட குட்டிகள், 15 நிமிடம் மட்டும் கையாளப்பட்டவற்றைவிட நன்றாக ஒட்டிக்கொண்டன. அந்த ஐந்தாறு வாரம் பரணிலோ குப்பைத் தொட்டிக்குப் பின்னாலோ கழிந்துவிட்டால், பிறகு அதே நெருக்கத்தை உண்டாக்கப் பல மடங்கு காலம் பிடிக்கிறது. சில பூனைகளிடம் அது கடைசிவரை வருவதே இல்லை.

தெருவிலிருந்து வந்து புகழ்பெற்ற பூனைகளின் கதைகளையும் இந்த உண்மையோடு சேர்த்தே படிக்க வேண்டும். லண்டனில் பிரிட்டிஷ் பிரதமரின் இல்லத்துக்கு எலி பிடிக்க 2011-இல் கொண்டுவரப்பட்ட லாரி, பேட்டர்சீ விலங்கு காப்பகத்திலிருந்து வந்த தெருப்பூனை. தெருவில் பாட்டுப் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் போவெனிடம் 2007-இல் காயத்தோடு வந்து சேர்ந்த பாப், அவர் தோளில் ஏறி உட்கார்ந்தே லண்டனைச் சுற்றியது. அவர் எழுதிய புத்தகம் 2012-இல் வெளிவந்து உலகெங்கும் விற்றது. இரண்டுமே மனிதரோடு வாழ ஒத்துக்கொண்ட பூனைகள். நம் மொட்டை மாடியில் காலடிச் சத்தம் கேட்டதுமே மதில் தாண்டி ஓடுகிற கடுவனிடம் அதை எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம். பாப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவ்வளவு நெருக்கமாக வாழ்ந்த அந்தப் பூனை 2020 ஜூனில் வாகனம் மோதித்தான் இறந்தது.

ஆகவே, தெருவில் பிறந்து வளர்ந்த, உடல்நலத்தோடு இருக்கிற, சோறு வைக்க ஆளிருக்கிற பெரிய பூனையை வீட்டுக்குள் அடைப்பதைவிடச் சிறந்த உதவி ஒன்று இருக்கிறது. கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்கு ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது. பல நாடுகளில் நடைமுறையில் உள்ள வழி இது. நுனி வெட்டிய காதைப் பார்த்ததும் இந்தப் பூனையை மறுபடி பிடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் வரவேண்டியவை வேறு. இரண்டு மாதம் ஆகாத குட்டிகள். கண்ணோ காலோ போனவை. தெருவில் இனிச் சமாளிக்க முடியாத கிழடுகள். தாமாகவே வாசல்வரை வந்து காலை உரசுகிறவை. இருந்த இடமே இடிபட்டுப் போனவை. இந்தக் கடைசி வகையில் மனிதரோடு பழகாத பெரிய பூனைகளும் இருக்கும். மிகுந்த பொறுமை கேட்பவை அவைதான்.

பிடிப்பதிலிருந்தே கவனம் தொடங்க வேண்டும். சாக்கு வேண்டாம். உள்ளே கருவாடோ பொரித்த மீனோ வைத்த கூண்டுக்குள் பூனை தானாக நுழைய வேண்டும். கதவு விழுந்ததும் கூண்டின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டால், வெளியே எதுவும் தெரியாமல் அது அடங்கிவிடும். வீட்டுக்குப் போகும் முன்பே கால்நடை மருத்துவரிடம் போவது நல்லது. மயக்கம் கொடுக்கும் ஒரே வாய்ப்பில் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, உண்ணி, குடற்புழு, காதுப்பூச்சி எல்லாவற்றையும் முடித்துவிடலாம். மறுபடி பிடிப்பது முதல் தடவையைப் போல எளிதாக இருக்காது. சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

கருத்தடையைத் தள்ளிப்போடக் கூடாது. பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்பட்டுவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். கடுவன் சுவரில் பீய்ச்சும் சிறுநீரின் கடும் நாற்றமும் இரவு நேரக் கூச்சலும் பெரும்பாலும் அந்த அறுவையோடு அடங்கிவிடுகின்றன. வீட்டில் யாரையாவது கடித்தாலோ பிராண்டினாலோ அலட்சியம் கூடாது. பூனைப் பல் மெல்லியது. வெளியே புள்ளி போலத் தெரியும் காயம் உள்ளே ஆழமாகப் போய்ச் சீழ் வைக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயைப் போலவே பூனையாலும் வெறிநோய் பரவும் என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது வீடு. பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'நாலு அறை இருக்கிறது, சுதந்திரமாகச் சுற்றட்டும்' என்று முழு வீட்டையும் திறந்துவிடுகிறார்கள். தெருப்பூனைக்குத் தன் எல்லையின் ஒவ்வோர் அங்குலமும் மனப்பாடம். எந்தச் சந்தில் நாய் வரும், எந்த மதில் தப்பிக்க உதவும், யார் வீட்டுச் சமையலறை எப்போது திறக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. எதுவும் தெரியாத ஆயிரம் சதுர அடி அதற்கு ஆயிரம் சதுர அடி ஆபத்து. வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரே ஓர் அறை, மூடிய கதவு, வலையடித்த ஜன்னல். முதல் சில வாரங்களுக்கு இது போதும். அந்தச் சின்ன இடத்தை அது முழுதாகத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த அறைக்குள் ஒளிந்துகொள்ள ஓரிடம் கட்டாயம் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா வின்கேயும் அவரது குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள்; 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை மூன்று நான்கு நாட்களிலேயே பதற்றம் தணிந்தன. கிடைக்காதவை அதே நிலைக்கு வர இரண்டு வாரம் ஆனது. செலவே இல்லாத உதவி இது. மளிகைக் கடை அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கம் ஓட்டை போட்டு, பழைய புடவையை விரித்துக் கவிழ்த்து வைத்தால் முடிந்தது. ஒரே ஓட்டை போட்டால் உள்ளே சிக்கிக்கொள்வோமோ என்று பூனை அஞ்சும்.

பரண், அலமாரியின் பின்புறம், கட்டிலின் அடிப்பெட்டி இவற்றையெல்லாம் முன்னதாகவே அடைத்துவிட வேண்டும். ஒளிந்தாலும் அது எங்கே இருக்கிறது, சாப்பிடுகிறதா, மூச்சு இயல்பாக இருக்கிறதா என்று பார்க்க முடிய வேண்டுமல்லவா? ஒளிந்திருக்கும் பூனையை இழுத்து வெளியே எடுக்கவே கூடாது. பாதுகாப்பு என்று நம்பிய இடத்துக்குள்ளேயே கை நீண்டுவிட்டால், அந்த வீட்டில் அது நம்ப வேறு இடம் இருக்காது.

கழிவுத் தட்டு விஷயத்தில் பலர் பயப்படுவதுபோல் அவ்வளவு சிரமம் இல்லை. மண்ணைத் தோண்டி மூடுவது பூனையின் பிறவிப் பழக்கம். கடையில் விற்கும் வாசனை மணலை முதலிலேயே கொட்டினால்தான் அது குழம்பும். அது பழகிய இடத்து மண்ணையே தட்டில் நிரப்பி, பிறகு சிறிது சிறிதாக மணலைக் கலந்துகொண்டே போகலாம். தட்டும் சாப்பாட்டுக் கிண்ணமும் அறையின் எதிரெதிர் மூலைகளில் இருக்க வேண்டும். தட்டைத் தினமும் சுத்தம் செய்வது மனிதருக்கும் பாதுகாப்பு. பூனை மலத்தில் வெளிப்படும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்; அதற்குள் அப்புறப்படுத்திவிட்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். கர்ப்பிணிகள் அந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிடட்டும்.

இனி இதில் மிகவும் கடினமான பகுதி: எதுவும் செய்யாமல் இருப்பது.

ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் ஜூடி ஸ்டெல்லா, டோனி பஃபிங்டன் முதலியோர் 32 பூனைகளை ஒரு வருடத்துக்கும் மேலாகக் கவனித்து 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவற்றில் 12 பூனைகள் நல்ல உடல்நலத்தோடு இருந்தவை. மற்ற 20 சிறுநீர்ப்பை உபாதை உள்ளவை. பராமரிப்பவர் மாறினாலோ அன்றாட வழக்கம் குலைந்தாலோ, ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டை ஒதுக்கின, தட்டுக்கு வெளியே அசுத்தம் செய்தன. வழக்கம் சீராக இருந்தவரை நோயுள்ள பூனைகளும் நன்றாகவே இருந்தன. சோபாவில் சிறுநீர் கழித்த பூனையை வீம்புக்காரன் என்று திட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அது பழிவாங்கவில்லை, பயத்தில் அதன் உடம்பு கெட்டிருக்கிறது.

ஆகவே, ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே மாதிரியான வருகை. கதவைத் தட்டும் முறைகூட மாற வேண்டாம். சாப்பாட்டைக் கிண்ணத்தில் நாள் முழுக்க வைக்காமல், குறித்த வேளையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்துகொள்ளலாம். செய்தித்தாளை மெதுவாக வாய்விட்டுப் படிக்கலாம். அந்தக் குரலும் சோறும் சேர்ந்தே வருகின்றன என்று பூனை புரிந்துகொள்ளும். நாட்கள் போகப்போகக் கிண்ணம் மனிதரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகரலாம். குக்கர் விசில், மிக்ஸி, தொலைக்காட்சி சீரியலின் அலறல் எல்லாம் முதலில் மூடிய கதவுக்கு அப்பாலிருந்து கேட்டுப் பழகட்டும். தீபாவளி நெருங்கும்போது புதிய பூனையை உள்ளே கொண்டுவரவே வேண்டாம்.

கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பது பூனை மொழியில் மிரட்டல். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டாஸ்மின் ஹம்ஃப்ரி, கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் கண்களைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால் பூனைகளும் அப்படியே பதில் தருகின்றன என்று காட்டியது. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், அப்படிக் கண் சிமிட்டியவரின் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் அதிகம் வந்தன. அது வந்து முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்த பிறகு தொடலாம். முதலில் கன்னம், தாடை. வயிற்றில் கை வைப்பது கூடாது. வால் சுழன்றடித்தாலோ காது பின்னால் மடிந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தயிர்ச்சோறும் பால்சோறும் பூனைக்கு உணவே அல்ல. பூனையின் உடம்புக்கு டாரின் என்ற சத்து இன்றியமையாதது. தேவையான அளவு அதனால் அதைத் தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்கிப்போகிறது என்பதைக் கலிஃபோர்னியாவில் பால் பயன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1987-இல் நிறுவிய பிறகு, பூனைத் தீவனத் தயாரிப்பே மாறியது. தெருவில் எலியும் ஓணானும் பிடித்து அந்தச் சத்தைத் தேடிக்கொண்ட பூனை, வீட்டுக்குள் வந்த பிறகு நாம் வைப்பதை மட்டும்தான் சாப்பிட முடியும். சைவக் குடும்பங்கள் இதை முன்கூட்டியே யோசித்து முடிவெடுக்க வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சல்தான் மிஞ்சும். உள்ளே வந்த பூனை இரண்டு நாட்களுக்கு மேல் எதையுமே தொடாவிட்டால், 'பசித்தால் தின்னும்' என்று விட்டுவிடக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அறையில் நன்றாகச் சாப்பிட்டு, தட்டைப் பயன்படுத்தி, ஆள் வந்தால் ஒளியாமல் இருக்கத் தொடங்கிய பிறகு, வீட்டின் மற்ற பகுதிகளை ஒவ்வொன்றாகத் திறக்கலாம். அப்போது புதிய சிக்கல் ஒன்று வரும். பயம் போனதும் சலிப்பு. விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடி வாழ்ந்த உயிர், செய்ய எதுவும் இல்லாமல் கதவைப் பிராண்டிக் கத்தும். கயிற்றில் கட்டிய இறகையோ துணிப் பந்தையோ இழுத்து, பதுங்கவும் பாயவும் பிடிக்கவும் விட்டு, உடனே இரவுச் சாப்பாட்டை வைத்தால் அது தன்னை நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத் தூங்கிவிடும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே போய்வரும் பூனைகளோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடியபோது அவை வீட்டுக்குக் கொண்டுவந்த வேட்டை உயிர்கள் 25 விழுக்காடு குறைந்தன. இறைச்சிச் சத்து மிகுந்த உணவு கொடுத்தபோது 36 விழுக்காடு குறைந்தன. பூனைக்கு உயரமும் வேண்டும். அலமாரியின் மேற்பரப்பையும், தெரு தெரியும் ஜன்னல் திண்டையும் அதற்கு ஒதுக்கிக் கொடுத்துவிடலாம்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகளும் இருக்கின்றன. தரை துடைக்கும் ஃபினைல் அவற்றில் முதலாவது. அதிலுள்ள ஃபீனால் வகை ரசாயனங்களைப் பூனையின் ஈரலால் எளிதில் முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். பூச்சரம் கட்டிய நூல் இன்னொன்று. மல்லிகைச் சரத்தோடு விளையாடி நூலை விழுங்கிய பூனைக்குக் குடல் சுருண்டு அறுவை சிகிச்சைவரை போகலாம். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். பாச்சா உருண்டையும், நாய்களுக்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படியே. பால்கனிக்கு வலை அவசியம். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்ற நம்பிக்கையில் விடப்பட்டு, தாடையும் விலாவும் உடைந்த பூனைகளைப் பார்க்காத கால்நடை மருத்துவர் இருக்க மாட்டார்.

'சுதந்திரமாகத் திரிந்ததை அடைத்து வைப்பது பாவமில்லையா' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மறுபக்கமும் நியாயமானது. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி, உரிமையாளர் இல்லாத பூனைகளால் நேர்ந்தது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா உள்ள பிரதேசத்தில், 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனைகளை உரிமையாளரின் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நம் நகரங்களில் இரவு பகலாக ஓடும் வாகனங்களையும் தெருநாய்க் கூட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், பழகக்கூடிய பூனைக்கு வீடே நல்லது என்பது இக்கட்டுரையின் முடிவு. வலையடித்த பால்கனியோ, கம்பி வலை போட்ட மொட்டை மாடி மூலையோ கொடுக்க முடிந்தால் வெயிலும் காற்றும் அதற்குக் கிடைத்துவிடும். மாதக் கணக்கில் முயன்றும் சரியாகச் சாப்பிடாமல், தன் முடியைத் தானே நக்கிப் பிய்த்துக்கொண்டு, ஆள் நிழல் கண்டாலே நடுங்குகிற பூனை இருந்தால், அதை அடைத்தே வைத்திருப்பது அன்பாகாது. கருத்தடை முடிந்து, தடுப்பூசி போட்டு, சோறு வைக்க ஆளுள்ள பாதுகாப்பான வளாகம் ஒன்றில் அதை வாழவிடலாம். அதைத் தோல்வி என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. ஒரே வீட்டில் வருடக்கணக்கில் வாழ்ந்தும் மடியில் ஏறாத பூனைகள் உண்டு. அதே அறையில் கண் அசந்து தூங்குகிறதென்றால், அதன் வகைக்கு அதுவே பெரிய நம்பிக்கை.

தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை என்ற வழியைச் சென்னையில் ப்ளூ கிராஸ் 1964-இல் தொடங்கிவைத்தது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் தெருப்பூனைகளுக்கு அப்படியொரு பரவலான ஏற்பாடு நம் ஊர்களில் வரவில்லை. விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். மாநகராட்சிகள் நாய்க் கருத்தடை மையங்களில் வாரத்தில் ஒரு நாளையாவது பூனைகளுக்கு ஒதுக்கலாம். குடியிருப்போர் சங்கங்கள் கூண்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு கூண்டு தெரு முழுவதற்கும் போதும்.

உங்கள் தெருவில் பழைய வீடு ஒன்றில் கட்டுநரின் பலகை தொங்கினால், இயந்திரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அங்கே எத்தனை பூனைகள், எத்தனை குட்டிகள் என்று இன்றே பார்த்துவையுங்கள். மருத்துவரிடம் கருத்தடைக்கு நாள் கேளுங்கள். வீட்டில் ஓர் அறையைக் காலி செய்ய முடியும் என்றால், உள்ளே வரவேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிவாருங்கள். வந்த பிறகு கொஞ்ச காலம் அதை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.